நீரடிப் புகைப்படத்துக்கு லென்ஸ் போர்ட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேமராவைத் தண்ணீர் புகாமல் காக்கும் பெட்டியான ஹவுசிங்கை வாங்கியதும் பெரிய செலவு முடிந்தது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். முன்னால், லென்ஸ் வெளியே பார்க்கும் ஜன்னலான போர்ட் ஒன்றை மாட்டினால் போதும், குதித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் லென்ஸுக்கு முன்னால் நிற்கும் அந்தப் போர்ட்டும், தண்ணீரைத் தொட்ட நொடியிலிருந்து ஒரு லென்ஸாகத்தான் வேலை செய்கிறது. பொருந்தாத போர்ட்டுக்குப் பின்னால் எவ்வளவு நல்ல லென்ஸை வைத்தாலும் படத்தின் மூலைகள் கலங்கிப்போகும். சில சமயம் ஃபோகஸே கிடைக்காது.

இந்த விவரங்கள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஒரு துண்டு தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும், இன்னொரு துண்டு படகில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயிலிருந்து வரும். அப்படி அலைந்து சேர்த்ததை, வாங்கும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். லென்ஸைக் கழற்றி மாட்டும் கேமரா வைத்திருப்பவர்களுக்கானது இது. போர்ட்டைக் கழற்ற முடியாத காம்பாக்ட் ஹவுசிங் வைத்திருந்தால் நேராக 6-ஆம் படிக்குப் போய்விடுங்கள்.

1. எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள்?

போர்ட்டிலிருந்து தொடங்கினால் பணம் வீணாகும். எடுக்கும் பொருள் லென்ஸைத் தீர்மானிக்கும், லென்ஸ் போர்ட்டைத் தீர்மானிக்கும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கடற்குதிரை, இறால், விரல் நகம் அளவுள்ள ஓடில்லாக் கடல் நத்தை என்றால் 60 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். பவளப்பாறை, மூழ்கிய கப்பல், திருக்கை, திமிங்கலச் சுறா என்றால் அகலக் கோண லென்ஸ். தண்ணீருக்குள் உங்களுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் ஒவ்வொரு அடியும் நிறத்தையும் தெளிவையும் தின்றுவிடும். அதனால் பெரிய பொருளையும் கிட்டப் போய்த்தான் எடுக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவு அகலம்.

இரண்டும் வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. முதல் வருடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் மேக்ரோ. அதற்கான போர்ட் விலை குறைவு, சிக்கல் குறைவு, ஒளியமைப்பும் சீக்கிரம் கைவரும்.

2. ஹவுசிங்கின் போர்ட் மவுண்ட் எது?

கேமராவில் லென்ஸ் மவுண்ட் இருப்பதுபோல ஹவுசிங்கில் போர்ட் மவுண்ட் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் போர்ட் இன்னொரு நிறுவனத்தின் ஹவுசிங்கில் நேரடியாகப் பொருந்தாது. அது மட்டுமல்ல, ஒரே நிறுவனத்துக்குள்ளேயே பல மவுண்ட்கள் உண்டு. நாட்டிகாமில் என்120, என்100, என்85 என்று வாய் அளவைப் பொறுத்துப் பல. ஐகெலைட்டில் பழைய நான்கு பூட்டு முறை ஒன்று, டிஎல் என்று இன்னொன்று. பழையதாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். விளம்பரத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், மவுண்ட் பெயர் இருக்காது. போர்ட்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மாடல் எண்ணையும் கேளுங்கள்.

சிறிய வாயிலிருந்து பெரிய வாய்க்கு மாற்றும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஆனால் அடாப்டருக்கும் ஒரு நீளம் இருக்கிறது. அந்த நீளம் 5-ஆம் படியில் சொல்லப்போகும் கணக்கில் சேரும்.

வாய் அளவு இன்னொரு விதத்திலும் முக்கியம். பருத்த லென்ஸ், அதிலும் ஹவுசிங்குக்கு வெளியே இருந்தே ஜூமைத் திருப்ப உதவும் பல்வளையமான ஜூம் கியர் மாட்டியது, சிறிய வாய் வழியே போகாது. அப்படியிருந்தால் ஒவ்வொரு முறையும் கேமராவை ஹவுசிங்குக்குள் வைத்த பிறகு முன்பக்கமாக லென்ஸை மாட்ட வேண்டியிருக்கும். ஆடும் படகில் அது பெரும் பாடு.

3. பிளாட் போர்ட்டா, டோம் போர்ட்டா?

பிளாட் போர்ட் என்பது தட்டையான கண்ணாடி. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளி அதில் வளைவதால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், அதற்கேற்பக் கோணம் குறுகும். முழு ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 47 மி.மீ. போல ஆகிவிடும். தரையில் 90 டிகிரி பார்க்கும் லென்ஸ் தண்ணீரில் 64 டிகிரிதான் பார்க்கும். எந்த லென்ஸை வைத்தாலும் தட்டைக் கண்ணாடி வழியே 97 டிகிரிக்கு மேல் பார்க்க முடியாது. அந்த எல்லையை நெருங்கும் முன்பே ஓரங்களில் நிறம் பிரிந்து சிவப்பும் நீலமுமாகக் கோடு விழ ஆரம்பிக்கும்.

மேக்ரோவுக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை. 100 மி.மீ. லென்ஸ் பார்க்கும் கோணமே குறுகல் என்பதால் ஓரக் கோளாறு தெரியாது, பெரிதாகத் தெரிவது லாபம். எனவே மேக்ரோ என்றால் பிளாட் போர்ட், வேறு யோசனை வேண்டாம். ஒன்றை மட்டும் பாருங்கள்: போர்ட் லென்ஸின் முன்னோரத்தை ஒட்டி இருக்க வேண்டும். தேவைக்கு மேல் நீளமான போர்ட் போட்டால், மிகக் கிட்டத்தில் எடுக்கும்போது பொருள் போர்ட்டில் முட்டிக்கொள்ளும். ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்) வெளிச்சத்துக்கும் இடம் இருக்காது. 60 மி.மீ. லென்ஸையும் 100 மி.மீ. லென்ஸையும் ஒரே போர்ட்டில் சமாளிக்க நினைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வரும்.

டோம் போர்ட் அரைக்கோளம். சரியான இடத்தில் லென்ஸ் உட்கார்ந்தால், தரையில் இருந்த கோணம் தண்ணீரிலும் அப்படியே கிடைக்கும். அகலக் கோணத்துக்கு டோம்தான். ஆனால் டோம் கேட்கும் விலை வேறு. அடுத்த படியை நிதானமாகப் படியுங்கள்.

4. டோமின் அளவு

டோம் வழியே பார்க்கும்போது லென்ஸ் உண்மையான பொருளைப் பார்ப்பதில்லை, டோமுக்குச் சற்று முன்னால் உருவாகும் ஒரு மாய பிம்பத்தைப் பார்க்கிறது. டோமின் வளைவு ஆரம் எவ்வளவோ அதைப்போல மூன்று மடங்கு தூரத்தில், எல்லையில்லாத் தொலைவில் இருக்கும் பொருளின் பிம்பம் நிற்கும். 10 செ.மீ. ஆரமுள்ள டோம் என்றால், கண்ணுக்கெட்டாத தூரத்துப் பாறை டோமுக்கு முன்னால் சுமார் 30 செ.மீ.-யில் இருப்பதாக லென்ஸுக்குத் தெரியும். ஒரு மீட்டரில் நீந்தும் மீன் 21 செ.மீ.-யில் தெரியும். அதாவது ஒரு மீட்டருக்கு அப்பால் உள்ள கடல் முழுவதும் ஒரு சாண் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆரம் பாதியானால் இந்த தூரங்களும் பாதிக்குப் பக்கமாகச் சுருங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன.

முதலாவது, உங்கள் லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் ஆக வேண்டும். லென்ஸ் விவரக்குறிப்பில் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் என்று போட்டிருப்பார்கள். அது கேமராவின் சென்சாரிலிருந்து அளந்தது. டோமின் மூன்று மடங்குக் கணக்கோ டோமின் முகப்பிலிருந்து. ஆகவே சென்சாரிலிருந்து டோம் முகப்பு வரை உள்ள தூரத்தையும் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். 20 முதல் 28 செ.மீ.-யில் ஃபோகஸ் ஆகும் லென்ஸ்கள் பெரிய டோமில் பிரச்சினை தருவதில்லை. அதற்கு மேல் போனால் லென்ஸ் முன்னால், கிட்டத்தில் ஃபோகஸ் ஆக உதவும் குளோஸ்-அப் டயாப்டர் ஒன்றைத் திருகிக்கொள்ள வேண்டிவரும்.

இரண்டாவது, அந்த மாய பிம்பம் தட்டையாக இருக்காது, உள்பக்கம் வளைந்து நிற்கும். நடுவில் ஃபோகஸ் செய்தால் மூலைகள் நழுவும். டோம் சிறியதாக ஆக வளைவு அதிகமாகும். 16-35 மி.மீ. போல நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும் லென்ஸ்கள் இதில் ரொம்பச் சிரமப்படும். முழு ஃபிரேமில் இவற்றுக்கு 8 அங்குலம் அல்லது 230 மி.மீ. டோம் போட்டாலும் எஃப் 11 வரை துளையைச் சுருக்கினால்தான் மூலைகள் ஒழுங்காக வரும். கோடுகளை வளைத்து மிக அகலமாகக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் இதற்கு நேர்மாறு. வளைந்த பிம்பத்தோடு அது நன்றாகவே ஒத்துப்போகும், கிட்டத்திலும் ஃபோகஸ் ஆகும். கேனான் 8-15, டோகினா 10-17 இரண்டும் சென்சாரிலிருந்து 15 செ.மீ. வாக்கில் ஃபோகஸ் ஆகிவிடுகின்றன. இதனால்தான் 4 அங்குல டோமை மாட்டிக்கொண்டு பவளத்துக்கு ஒரு விரல் தூரம் வரை போய் எடுக்க முடிகிறது.

பலர் ஃபிஷ்ஐ என்றாலே கோடுகள் வளையுமே என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தண்ணீருக்குள் நேர்கோடு எங்கே இருக்கிறது? பாறைக்கும் மீனுக்கும் வளைவு தெரியவே தெரியாது. சிறிய டோம், குறைந்த விலை, பயணத்தில் எடை குறைவு, கூர்மையான மூலைகள் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அகலக் கோணத்தில் முதல் லென்ஸ் ஃபிஷ்ஐ ஆக இருப்பதே நல்லது. கப்பல் சிதைவுகளும் மனிதர்களும்தான் உங்கள் விருப்பம் என்றால் மட்டும் 16-35 போன்றதை யோசியுங்கள்.

பாதி நீர், பாதி வானம் என்று ஒரே படத்தில் எடுக்க ஆசைப்படுபவர்களுக்குப் பெரிய டோம் வேண்டும். சிறிய டோமில் ஒரு சிற்றலை வந்தாலே நீர்க்கோடு முழுவதும் ஏறி இறங்கிவிடும்.

கவனிக்க: கடைகளில் சொல்லும் 8 அங்குலம் என்பது வெளி விட்டம். எல்லா 8 அங்குல டோமும் முழு அரைக்கோளம் அல்ல. பெரிய கோளத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது வளைவு ஆரம்.

5. எக்ஸ்டென்ஷன் ரிங்

டோமைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களும் சறுக்கும் இடம் இது. லென்ஸுக்குள் ஒளி நுழையும் மையம் என்று ஒரு புள்ளி இருக்கிறது. அந்தப் புள்ளி டோமின் வளைவு மையத்தில் விழ வேண்டும். ஒவ்வொரு லென்ஸுக்கும் அது வேறு இடத்தில் இருப்பதால், ஹவுசிங்குக்கும் டோமுக்கும் நடுவில் 20, 30, 40 மி.மீ. என்று வளையங்களை மாட்டி டோமை முன்னால் தள்ளுகிறோம். வளையம் குட்டையானால் மூலைகள் இழுபட்டுக் கலங்கும். நீளமானால் டோமின் விளிம்போ நிழல் தடுப்போ படத்தின் மூலையில் கறுப்பாக எட்டிப்பார்க்கும்.

இதை நீங்கள் கணக்குப் போட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஹவுசிங் நிறுவனமும் போர்ட் சார்ட் என்ற அட்டவணையை வெளியிடுகிறது. அதில் உங்கள் லென்ஸின் வரிசையில் டோம், வளையம், ஜூம் கியர் மூன்றின் எண்களும் இருக்கும். அட்டவணையைப் படிக்கும்போது இவற்றைப் பாருங்கள்:

லென்ஸின் முழுப் பெயரும் பொருந்துகிறதா? 16-35 என்ற பெயரில் ஒரே நிறுவனம் பல லென்ஸ்கள் விற்கிறது, நீளம் ஒன்றுக்கொன்று வேறு.

கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மவுண்ட் அடாப்டரோ டெலிகன்வெர்ட்டரோ மாட்டுகிறீர்களா? அதற்கென்று தனி வரி இருக்கும், வளையத்தின் நீளம் மாறும்.

கடைக்காரர் 30-க்குப் பதில் 35 போதும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபிஷ்ஐயில் 5 மி.மீ. கூடினாலே மூலை கறுத்துவிடலாம். பரிந்துரையை எழுத்தில் கேளுங்கள், அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

6. வெட் லென்ஸ் என்ற மாற்று வழி

சாதாரண ஜூம் லென்ஸுக்கு ஒரு குட்டைப் பிளாட் போர்ட் போட்டு, அதன் முன்னால் தண்ணீருக்குள்ளேயே மாட்டிக் கழற்றும் லென்ஸ் ஒன்றை வைப்பது இந்த முறை. அகலக் கோணத்துக்கு ஒன்று, மேக்ரோவுக்கு ஒன்று என்று இரண்டையும் கொண்டுபோனால், ஒரே முழுக்கில் சுறாவையும் எடுக்கலாம், இறாலையும் எடுக்கலாம். நாட்டிகாமின் டபிள்யூடபிள்யூஎல் வகை லென்ஸ், முழு ஃபிரேமில் 28 மி.மீ.-யை வைத்தே 130 டிகிரி தருகிறது. சோனி 28-60 மி.மீ. வைத்திருப்பவர்கள் பலர் இந்த வழியில் போவதற்கு அதுதான் காரணம். மூலைகளும் டோமைவிடத் திறந்த துளையிலேயே தெளிவாக வரும்.

போர்ட்டின் முன் திருகு 67 மி.மீ. தானா என்று பாருங்கள். பெரும்பாலான வெட் லென்ஸ்கள் அந்த அளவில்தான் வருகின்றன. தண்ணீருக்குள் மாட்டியதும் லென்ஸுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் காற்றுக் குமிழி தங்கும். ஒரு முறை கழற்றி, விரலால் துடைத்து, மறுபடி மாட்டுங்கள். நல்ல அகலக் கோண வெட் லென்ஸ் விலையில் டோமுக்குக் குறைந்ததல்ல, கையில் கனமாகவும் இருக்கும்.

7. கண்ணாடியா, அக்ரிலிக்கா?

அக்ரிலிக் இலேசானது, விலை குறைவு, சீக்கிரம் கீறும். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் 1.49, தண்ணீருக்கு 1.33. இடைவெளி குறைவு என்பதால் வெளிப்பக்கம் விழுந்த சிறு கீறல்களைத் தண்ணீர் நிரப்பி மறைத்துவிடும். ஆழமான கீறலையும் படிப்படியாக மென்மையாகும் தேய்ப்புத் துணிகளால் வீட்டிலேயே தேய்த்து எடுக்கலாம். உள்பக்கக் கீறலுக்கு இந்தச் சலுகை கிடையாது, அங்கே தண்ணீர் போகாது. கண்ணாடி எளிதில் கீறாது, எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சும் உண்டு, சூரியனை எதிரே வைத்து எடுக்கும்போது வித்தியாசம் தெரியும். கீறிவிட்டால் மாற்றுவது தவிர வழி இல்லை.

பாதி நீர் பாதி வானம் எடுப்பவருக்கு மேலே பாதி டோம் காற்றில் இருக்கும், அங்கே கீறல் மறையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். முதல் டோம் அக்ரிலிக்காக இருப்பதில் எந்தக் குறையும் இல்லை.

பெரிய டோமுக்குள் நிறையக் காற்று இருப்பதால் அது மேலே தூக்கும், மணிக்கட்டு வலிக்கும். எந்தப் பொருளாக இருந்தாலும் ஆழ வரம்பு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். ஹவுசிங் தாங்கும் ஆழத்தை டோம் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

8. மொத்தச் செலவைப் போடுங்கள்

டோமின் விலையை மட்டும் பார்த்துப் பட்ஜெட் போட்டால் பாதியில் நிற்பீர்கள். டோம், எக்ஸ்டென்ஷன் ரிங், ஜூம் அல்லது ஃபோகஸ் கியர், அடாப்டர் தேவைப்பட்டால் அது, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் உபரியாக இரண்டு செட், தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸ், நியோபிரீன் உறை, பின்மூடி. கியர் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி. அதை மறந்துவிட்டால் ஜூம் லென்ஸ் தண்ணீருக்குள் ஒரே இடத்தில் நிற்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அனுப்பும் கூலியும் சேரும். பெரிய கண்ணாடி டோமின் விலை நல்ல லென்ஸ் ஒன்றின் விலைக்கு நிகராக வருவது சகஜம்.

பழையது வாங்கினால் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் அந்தப் போர்ட் வேண்டாம். 30 மீட்டர் ஆழத்தில் 20 செ.மீ. விட்டமுள்ள டோமின் மேல் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான விசை அழுத்துகிறது.

9. எப்போது ஆர்டர் செய்வது, என்ன காகிதம் வைப்பது

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஆர்டர் கொடுத்துவிடுங்கள். போர்ட்களும் கியர்களும் எல்லாக் கடையிலும் இருப்பில் இருப்பவை அல்ல. டோம் வந்து வளையம் வராமல் நிற்பதும் உண்டு. கடைசி இரண்டு வாரம் சோதனைக்கு என்று ஒதுக்குங்கள், அதில் கைவைக்காதீர்கள்.

ரசீதில் மாடல் எண்ணும், இருந்தால் வரிசை எண்ணும் எழுதி வாங்குங்கள். உத்தரவாதத்துக்கும் காப்பீட்டுக்கும் அதுதான் ஆதாரம். காப்பீடு எடுக்கும்போது தண்ணீர் புகுந்த சேதம் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள், பல பாலிசிகளில் அது விலக்கு. வெளிநாடு போவதானால் எல்லாச் சாமான்களின் பட்டியல், வரிசை எண், ரசீது நகல் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். கிளம்பும்போதே சுங்கத்தில் பதிவு செய்துகொள்ளும் வசதி இருந்தால் செய்துவிடுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கியது என்று யாரும் வரி கேட்க மாட்டார்கள்.

10. வந்ததும் சோதியுங்கள்

முதலில் கேமரா இல்லாமல். ஓ-ரிங்கைக் கழற்றி, முடியோ மணலோ இல்லாமல் பார்த்து, பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும் கிரீஸ் தடவி மாட்டுங்கள். உள்ளே உலர்ந்த டிஷ்யூ ஒன்றை வைத்து மூடித் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வாக்குவம் வால்வு இருந்தால் காற்றை உறிஞ்சிவிட்டு இரவு முழுக்க விடுங்கள், காலையிலும் கசிவு இல்லை என்று காட்டும் பச்சை விளக்கு எரிய வேண்டும். கசிவு பெரும்பாலும் ஆழத்தில் வருவதில்லை, மேல்மட்டத்தில்தான் வரும். அங்கே போர்ட்டை அழுத்திப் பிடிக்க நீரழுத்தம் போதாது.

அப்புறம் கேமராவோடு நீச்சல் குளத்துக்குப் போங்கள். ஓடு பதித்த சுவருக்கு நேராக நின்று, டோமைப் பாதி அமிழ்த்தி ஒரு படம் எடுங்கள். நீர்க்கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஓடுகள் ஒரே அளவில் தெரிந்தால் வளையம் சரி. கீழே உள்ளவை பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்தால் டோம் இடம் தவறி நிற்கிறது. பிறகு முழுவதும் அமிழ்த்தி எஃப் 5.6, 8, 11 மூன்றிலும் எடுத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் லென்ஸுக்கு எது போதும் என்பது அப்போது தெரிந்துவிடும்.

லென்ஸின் முன்வளையத்தில் உள்ள வெள்ளை எழுத்துகள் போர்ட்டில் எதிரொளித்துப் படத்தில் விழும். கறுப்பு டேப் ஒட்டி மறையுங்கள். யூவி ஃபில்டரையும் லென்ஸ் ஹூடையும் கழற்றிவிடுங்கள்.

11. பயணத்திலும் படகிலும்

டோமைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தில் ஹவுசிங்கை இறுக்கி மூடாதீர்கள். காற்றழுத்தம் மாறுவதால் இறங்கிய பிறகு திறக்க வராமல் போகலாம். ஓ-ரிங் ஒன்றைக் கழற்றித் தனியாக வைத்தால் போதும்.

கேமராவை ஹவுசிங்குக்குள் வைத்து மூடும் வேலையைக் குளிர்ந்த, உலர்ந்த அறையில் செய்யுங்கள். ஈரக் காற்றை உள்ளே அடைத்தால் தண்ணீரில் இறங்கியதும் டோமின் உள்பக்கம் பனிமூட்டம் போடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே செருகிவையுங்கள்.

படகில் எல்லோருடைய கேமராவும் ஒரே கழுவும் தொட்டியில் கிடந்தால் உங்களுடையதைப் போடாதீர்கள். பக்கத்துக் கேமராவின் ஸ்ட்ரோப் கை உங்கள் டோமில் உரச ஒரு அலை போதும். நனைத்து எடுத்து, உறையை மாட்டி, நிழலில் வையுங்கள். வெயிலில் திறந்து வைத்தால் லென்ஸ் சூரியனை உள்ளே குவிக்கும். உப்புநீர் டோமில் காய விடாதீர்கள். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப் போடுங்கள், பிறகு மெல்லிய துணியால் ஒற்றியெடுங்கள். அக்ரிலிக்கை ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைக்க வேண்டாம், மயிரிழை வெடிப்பு விழும். கண்ணாடி துடைக்கும் கடைத் திரவங்களிலும் ஆல்கஹால் உண்டு, லேபிளைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.